மஞ்சள் பை

அரியமங்கலம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் பாதியில் சண்டையாகிவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். "கவுன்சிலருக்கு நிற்க இருபத்தொரு வயசு போதும்னு சட்டம் சொல்லுது. கட்சிக்காரங்ககிட்டப் போனா, இன்னும் பத்து வருஷம் போகட்டும்மாங்கறாங்க. வயசானவங்க ஏன் தாத்தா எழுந்து இடம் விட மாட்டேங்கறாங்க?" என்றாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். மாநகராட்சிக்கு 21, சட்டசபைக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. இவையெல்லாம் கீழ் வரம்பு. மேல் வரம்பு எதற்கும் கிடையாது. தமிழக அரசு ஊழியர் 60 வயதில் வீட்டுக்குப் போகிறார். உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில், உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில். ஓட்டு வாங்கி வந்தவருக்கு மட்டும் கடைசி நாள் என்று ஒன்று இல்லை.

அந்தக் கடைசி நாள் எவ்வளவு பெரிய வரம் என்பது பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றே சர்வீஸ் ரெஜிஸ்டரில் பிறந்த தேதியைப் பதிந்துவிட்டார்கள். நான் ரிட்டையர் ஆகும் மாதம் எனக்கும் தெரியும், மேலதிகாரிக்கும் தெரியும். அதனால் இரண்டு வருஷம் முன்னாலேயே ஒரு பையனை என் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும்; விரிசல் விட்டது மந்தமாக, பிளந்த பானை மாதிரி. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் சில மாதங்கள் நான் தட்டினேன், அவன் கேட்டான். பிறகு அவன் தட்டினான், நான் கேட்டேன். கடைசி ஆறு மாதம் நான் தள்ளி நின்றுகொண்டேன். மாலை போட்டு என்னை வேனில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலை, சங்கு ஊதியதும் அங்கே வேலை நடந்தது. ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அரசியலில் தனக்குத் தானே கடைசி நாள் குறித்துக்கொண்ட பெரிய மனிதர் நம் காமராஜர். 1954 ஏப்ரலில் ராஜாஜிக்குப் பிறகு முதலமைச்சர் ஆனவர், 57லும் 62லும் தேர்தலில் ஜெயித்தவர், 1963 அக்டோபர் 2ஆம் தேதி பதவியை விட்டு இறங்கினார். வயது 60. யாரும் கேட்கவில்லை, எதிர்ப்பும் இல்லை. மூத்தவர்கள் நாற்காலியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நேருவிடம் அவரே யோசனை சொல்லி, அவரே முதல் ஆளாகவும் நடந்துகாட்டினார். ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி விலகினார்கள். லால்பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன்ராம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். நேருவின் போட்டியாளர்களை ஓரங்கட்டும் தந்திரம் என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒன்பது வருஷம் ஆண்டவர் தானாக இறங்கினார் என்பதுதான் எனக்குப் பெரிது.

இதுவரை பாடப் புத்தகத்தில் நீ படித்ததுதான். அடுத்த வரியையும் படி. அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பக்தவத்சலம். 1897இல் பிறந்தவர், காமராஜரைவிட ஏறக்குறைய ஆறு வயது மூத்தவர்! நேர்மையானவர், நிர்வாகம் தெரிந்தவர், சிறை சென்ற தியாகி. அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே அமைச்சரவையில் தொழில் துறையைப் பார்த்த ஆர். வெங்கடராமனுக்கு அப்போது வயது 52. பின்னாளில் குடியரசுத் தலைவரானாரே, அவர்தான். மூத்தவர் விலகினார், இடம் இளையவருக்கு வரவில்லை.

நாலு மாதம்கூட ஆகவில்லை. 1964 ஜனவரி 25 அன்று, இந்தத் திருச்சி ஜங்ஷன் வாசலில், கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன் உயிரையே விட்டார். அடுத்த ஆண்டு கல்லூரிப் பிள்ளைகள் மாநிலம் முழுக்கத் தெருவுக்கு வந்தார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பேச்சு கடைசிவரை காதில் ஏறவில்லை. 1967இல் காங்கிரஸ் ஆட்சியே போனது. விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்தவர். வீட்டுக்குள் இடம் கிடைக்காத தலைமுறை எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அதே காமராஜரை 1969 ஆரம்பத்தில் நாகர்கோவில் மக்கள் இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். ஆகவே அவர் வயதின் மேல் ஜனங்களுக்குக் கோபம் இல்லை.

கலைஞரைப் பற்றிக் கேட்பாய். 1957இல் 32 வயதில் குளித்தலையில் முதல் வெற்றி. அன்றைக்கு அது நம் திருச்சி மாவட்டம்தான். 2016இல் 91 வயதில் திருவாரூரில் 13ஆவது வெற்றி. இடையில் ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், யார் என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம். பாதி சரி. ஓட்டு நம் கையில் இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் நம் கையில் இல்லையே. 1996இல் சென்னை மேயரான ஸ்டாலின் 2017 ஜனவரியில் தி.மு.க. செயல் தலைவர் ஆனபோது அவருக்கு 63 வயது. கலைஞர் வீட்டுப் பிள்ளைக்கே அவ்வளவு காலம் ஆனது என்றால், வீட்டுப் பின்னணி இல்லாத உன் மாதிரிப் பிள்ளை எத்தனை காலம் வரிசையில் நிற்பது?

மார்க்சிஸ்ட் கட்சி இதற்கு விதி எழுதிப் பார்த்தது: மத்தியக் குழுவில் 75 வயதுக்கு மேல் கூடாது. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாட்டில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், நம் ஜி. ராமகிருஷ்ணன் எல்லாம் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து விலகினார்கள். அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனுக்கோ விலக்கு. விலக்கு கொடுத்த அன்றே விதியின் பாதி பலம் போய்விட்டது என்பது என் எண்ணம். என்றாலும், தேதி குறிக்கத் துணிந்தார்களே, அதற்கு ஒரு வணக்கம். நாட்டுக்கே சட்டமாக மேல் வரம்பு போடுவதை நான் ஏற்க மாட்டேன். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது ஜனங்களின் உரிமை. கட்சிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளட்டும்.

உள்ளாட்சியில் சுழற்சி முறை என்று ஒன்று இருக்கிறது, அதையும் கவனி. வார்டு பெண்களுக்கு என்று மாறினால், யார் மனசும் இளக வேண்டாம், நாற்காலி தானாகக் காலியாகிறது. தமிழ்நாட்டில் இப்போது பாதி இடம் பெண்களுக்கு. அப்படியும் பல ஊர்களில் மனைவி பேரில் கணவர் உட்கார்ந்துகொள்கிறார். காலியான நாற்காலிக்கு ஆளைத் தயார் செய்யாவிட்டால் பழைய ஆளே வேறு வாசல் வழியாக வந்துவிடுவார்.

இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தேன். நம் நகர் நலச்சங்கத்தில் 12 வருஷம் நானே செயலாளர். வருஷா வருஷம் "நீங்களே இருங்க" என்பார்கள், சரி என்பேன். மனு நகல், ரசீது, எந்த மேன்ஹோல் எந்த மழையில் பொங்கியது என்ற கணக்கு எல்லாம் என் மஞ்சள் பைக்குள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டோடு படுத்திருந்த வாரம், வடிகாலுக்கு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். பழைய மனுவின் ரசீதைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பையில் எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நம் தெரு பட்டியலில் விடுபட்டது. அடுத்த ஐப்பசியில் கடைசி வீட்டு அம்மாள் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவன், தெருவில் அதைச் செய்யவில்லை. தேதி குறிக்க ஆள் இல்லாததால், எனக்கு முடிவே இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நம் அரியமங்கலம் குப்பைக்கிடங்கு பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் தீப்பிடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கண் எரிய எரியப் பரீட்சைக்குப் படித்தவள் நீ. 40 ஏக்கருக்கு மேல், பல பத்தாண்டுகளாகத் திருச்சி முழுவதும் கொட்டிய குப்பை. பயோமைனிங் முறையில் பிரித்து எடுக்கிறார்கள். அந்த நிலத்தில் அடுத்து என்ன வரும் என்று முடிவு செய்கிறவர்களில், முப்பது வருஷம் கழித்தும் இங்கே மூச்சுவிடப் போகிற ஒருத்தி இருக்க வேண்டும். அங்கே முன்பு என்ன நடந்தது என்று தெரிந்த கிழவனும் பக்கத்தில் இருக்கட்டும். பேச அல்ல, கேட்டால் சொல்ல.

சனிக்கிழமை நீ வரும்போது பழைய காகிதங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருப்பேன். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மண்டல அலுவலகத்துக்கு நாம் இரண்டு பேரும் போவோம். நீ உள்ளே போய் வடிகால் மனுவைக் கொடு, நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். நகலில் சீல் போட்டு வாங்காமல் வந்துவிடாதே. சில சமயம் மை காய்ந்து தேதி விழாது; அப்படியானால் இன்னொரு தரம் குத்தச் சொல்.

அன்புடன்,
தாத்தா