அடியும் சொல்லடியும்

மரபுத்தொடர் தன் சொற்கள் நேரே தரும் பொருளோடு நின்றுவிடுவதில்லை. அம்மொழி பேசுவோரின் வாழ்க்கையில் வேரூன்றி, வேறொரு பொருளை உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹிட்டிங் பிலோ த பெல்ட்' என்னும் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். 'இடுப்புப்பட்டைக்குக் கீழே அடித்தல்' என்பது அதன் நேர்பொருள்.

இத்தொடர் குத்துச்சண்டைக் களம் தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீரர்கள் கையுறையின்றி வெறுங்கையால் மோதினர். 1743ஆம் ஆண்டு ஜாக் பிராட்டன் என்னும் வீரர் அப்போட்டிக்கு விதிகளை வகுத்தார். கீழே விழுந்தவரை அடிப்பதையும் எதிராளியை இடுப்புக்குக் கீழே பற்றுவதையும் அவை தடைசெய்தன. 1838இல் இயற்றப்பட்ட இலண்டன் விதிகள், இடுப்புப்பட்டைக்குக் கீழே விழும் அடியை விதிமீறல் என்றன. அவ்விடத்தில் விழும் அடி கொடுங்காயம் விளைவிக்கும். அவ்வாறு அடித்து வெல்வது வெற்றியாகாது.

களத்தின் இவ்வறம் பின்னர்ச் சொல்லாடலுக்கும் உரியதாயிற்று. எதிராளியின் கருத்தை மறுக்க இயலாதபோது அவருடைய பிறப்பு, உடற்குறை, குடும்பத் துயரம் ஆகியவற்றைச் சுட்டித் தாக்குவதை இத்தொடர் குறிக்கிறது. கடுமையாகத் தாக்குதல் என்பது இதன் பொருளன்று. முறையின்றித் தாக்குதல் என்பதே பொருள். "உன் கணக்கு முழுவதும் தவறு" என்பது கடுமையான மறுப்பு. "படிக்காதவர் மகனுக்குக் கணக்கு எப்படி வரும்?" என்பதோ முறையற்ற அடி.

இத்தொடரை மொழிபெயர்ப்போர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தமிழில் 'வயிற்றில் அடித்தல்' என்பது பிழைப்பைக் கெடுத்தலையும், 'முதுகில் குத்துதல்' என்பது நம்பியவருக்கு இரண்டகம் செய்தலையும் குறிக்கும். மூன்றும் உடல்மீது விழும் தாக்குதலையே காட்டினும் பொருளால் வேறுபடுகின்றன. "அவர் இடுப்புக்குக் கீழே அடித்துப் பேசினார்" என எழுதினால் தமிழறிந்தோர் பொருள் காணாது மயங்குவர். "கருத்தை விட்டு ஆளைத் தாக்கினார்" என்றோ, "முறைகேடாகத் தாக்கிப் பேசினார்" என்றோ இடமறிந்து எழுதுவதே தெளிவு தரும்.

களத்தில் விதி மீறுவோரை நடுவர் தடுப்பார். அன்றாட உரையாடலில் அத்தகைய நடுவர் எவரும் இலர். பேசுபவரே தமக்கு நடுவராதல் வேண்டும். ஆறாத காயம் உடலில் மட்டும் ஏற்படுவதன்று.

கற்பவை கற்றபின்

1. 'வயிற்றில் அடித்தல்', 'முதுகில் குத்துதல்' ஆகிய மரபுத்தொடர்களைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.

2. கடுமையான மறுப்பு, முறையற்ற தாக்குதல் ஆகியவற்றிற்கு இடையேயான வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் வகுப்பில் கலந்துரையாடுக.