தெளிவு குன்றாக் காணொலி

ஊர்த் திருவிழாவில் நிகழும் தெருக்கூத்தைக் கைப்பேசியில் பதிவு செய்கின்றனர். அப்பதிவு பலர் கைக்கு மாறுகிறது. பலமுறை வடிவமும் மாறுகிறது. ஓராண்டுக்குப்பின் பார்த்தால் கூத்தரின் முகவண்ணங்கள் கட்டங்கட்டமாகச் சிதைந்து தெரிகின்றன. முதுபெரும் கலைஞர் மறைந்தபின் அவரது ஆட்டத்திற்கு அப்பதிவு ஒன்றே சான்றாகலாம். ஆதலால், காணொலியின் தெளிவைக் காப்பது கலையைக் காப்பதுமாகும்.

சுருக்கமும் இழப்பும்

முழு உயர்தெளிவுக் காணொலியின் ஒரு சட்டகத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்திற்கு 3 பைட்டுகள், நொடிக்கு 25 சட்டகங்கள் எனக் கொண்டால், ஒரு நொடிக் காட்சிக்கே ஏறத்தாழ 155 மெகாபைட் இடம் வேண்டும். எனவே, 2003ஆம் ஆண்டு வெளிவந்த எச்.264 போன்ற குறியாக்க முறைகள், மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமல் மாற்றங்களை மட்டுமே பதிகின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை நீக்குகின்றன. நீக்கியவை மீளா. மறுகுறியாக்கம் செய்யுந்தோறும் இழப்பு கூடுகிறது. சிறிய படத்தைப் பெரிதாக்கினும் இழந்த விவரம் திரும்பாது.

உறையும் உள்ளடக்கமும்

எம்பி4, எம்கேவி என்பன உறைகள். குறியாக்கம் பெற்ற படமும் ஒலியும் அவற்றினுள் இருக்கின்றன. மடலை வேறோர் உறையில் இட்டால் எழுத்து மாறுவதில்லை. அதுபோல, உறையை மட்டும் மாற்றினால் தெளிவு குறையாது. எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் இதனைச் செய்ய வல்லது.

வெட்டும் முறை

காணொலியில் சில சட்டகங்களே தம்மளவில் முழுமையானவை; ஏனையவை பிற சட்டகங்களைச் சார்ந்தவை. முழுச்சட்டகத்தில் தொடங்குமாறு வெட்டினால் மறுகுறியாக்கம் தேவைப்படாது. நிறத்தைத் திருத்தவும் எழுத்துகளைச் சேர்க்கவும் மறுகுறியாக்கம் இன்றியமையாதது. அந்நிலையில் எல்லாத் திருத்தங்களையும் மூலக்கோப்பைக் கொண்டே முடித்து, இறுதியில் ஒரேமுறை குறியாக்கம் செய்தல் வேண்டும். இடைநிலைப் படிகள் தேவைப்படின், இழப்பில்லாச் சுருக்கமுறையான எஃப்எஃப்வி1 உதவும்.

எப்பணியைத் தொடங்கினும் மூலக்கோப்பை மாற்றாமல் தனியே சேமித்தல் வேண்டும். படிகளை எத்தனை முறையும் உருவாக்கலாம். மூலம் அழிந்தால் அதனை எப்படியாலும் மீட்க இயலாது.

கற்பவை கற்றபின்…

உம் ஊர்க் கலைஞர் ஒருவரின் நிகழ்ச்சியை அவரது இசைவுடன் பதிவு செய்க. அதனை ஐந்துமுறை தொடர்ந்து மறுகுறியாக்கம் செய்து, இறுதிப்படியை மூலத்தோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.