உணவு வழிகாட்டுதல்கள் 2024: ஓசூர்–கிருஷ்ணகிரி மண்டலம் – முக்கியக் குறிப்புகள்

நிறுவனம்
- வெளியீடு: தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐதராபாத், தாய் அமைப்பு ஐசிஎம்ஆர்
- தொடக்கம்: 1918, குன்னூர், பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவாக. நிறுவியவர் ராபர்ட் மெக்கரிசன்
- ஐதராபாத்துக்கு இடமாற்றம் 1958. இன்றைய பெயர் 1969
- தொடங்கிய இடம் எது என்றால், தமிழகத்துக் கேள்வித்தாளில் குன்னூரே எதிர்பார்க்கத்தக்க விடை

வழிகாட்டுதல்கள்
- முதல் பதிப்பு 1998; திருத்தங்கள் 2011, 2024 (மே 8)
- எண்ணிக்கை 17. முதலாவது: பலவகை உணவு, சமச்சீர் உணவு. 17-ஆவது: உணவுப் பொட்டலத்தின் விவரச்சீட்டைப் படித்தல்
- நோய்ச் சுமையில் தவறான உணவுமுறையின் பங்கு: 56.4%

ஒரு நாள் தட்டு (2,000 கிலோ கலோரி)
- தானியம், சிறுதானியம் 250 கிராம்
- பருப்பு 85 கிராம்
- காய்கறி, கீரை 400 கிராம்
- பழம் 100 கிராம். சாறு அன்று, முழுப் பழம்
- பால், தயிர் 300 மி.லி.
- கொட்டை, விதை 35 கிராம்
- எண்ணெய், கொழுப்பு 27 கிராம்
- அனைத்தும் சமைக்காத எடை. 250 கிராம் என்பது அரிசி, சோறு அன்று
- தானியத்தின் உச்சவரம்பு 45%: ஆற்றலில், எடையில் அன்று. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. கோட்டை விடும் இடம்
- நடைமுறை: தானியத்திலிருந்து 50–70% ஆற்றல். ஷிப்ட் கேன்டீன் சாப்பாட்டில் சோறு குவியல், பொரியல் கரண்டியளவு. வழிகாட்டுதலில் காய், கீரை, பழம், கிழங்கு சேர்ந்து பாதித் தட்டு

உச்சவரம்புகள்
- உப்பு: நாளொன்றுக்கு 5 கிராம்
- சேர்க்கும் சர்க்கரை: 25 கிராம்
- கஃபீன்: 300 மி.கி.
- டீ, காபி: உணவுக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரம் தவிர்ப்பு. காரணம்: டானின் இரும்புச்சத்தைத் தடுத்தல். சாப்பிட்ட கையோடு டீ என்ற தொழிற்பேட்டை வழக்கத்துக்கு நேர் எதிர்

மண்டலம்
- கிருஷ்ணகிரி மாவட்டம்: 9.2.2004, தருமபுரியிலிருந்து பிரிவு; ஓசூர் மாநகராட்சி 2019
- ராகியில் முன்னணி: கிருஷ்ணகிரி, தருமபுரி
- பையூர் ஆராய்ச்சி நிலைய ராகி ரகங்கள்: பையூர் 1, பையூர் 2
- கால்சியம் (100 கிராமில்): ராகி 364 மி.கி.; தீட்டிய அரிசி 10 மி.கி.-க்கும் குறைவு
- ராகிக் களி (எல்லைக்கு அப்பால் முத்தே), கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு: தானியம், கீரை, பருப்பு ஒரே வேளையில். விலை மலிந்த மாதிரித் தட்டு
- மாம்பழக் கூழ்த் தொழிலின் முதன்மை ரகம்: பெங்களூரா எனும் தோத்தாபுரி
- ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி, 2023: முன்னோடி மாவட்டங்கள் நீலகிரி, தருமபுரி. கிருஷ்ணகிரி அன்று, விளைவிக்கும் மாவட்டம் என்பதால் குழப்பம் எளிது
- ராகி குறைந்தபட்ச ஆதரவு விலை (குவிண்டால்): 2023-24 ரூ.3,846, 2024-25 ரூ.4,290, 2025-26 ரூ.4,886
- பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு: 2023, முன்மொழிந்த நாடு இந்தியா