வாய் திறக்காத அக்காவுக்கு

கேள்வி: குடித்துவிட்டு வந்து அத்தான் அடிக்கிறார். அக்காவுக்குத் தூக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை. எங்கே போவது?
- வாசகி, தாராவி

பதில்: சகோதரி, உதவி உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய 'ஸ்நேஹா' தொண்டு நிறுவனம், அடிபடும் பெண்களுக்கு தாராவியில் இலவச ஆலோசனை தருகிறது. மனநல உதவியோடு சட்ட உதவியும் அங்கே கிடைப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடி நிற்காமல் தூக்கம் எப்படி வரும்?

ஆலோசகர் பெரிய டிகிரி இல்லாதவராக இருந்தாலும், அவரிடம் பேசி என்ன பயன் என்று தயங்க வேண்டாம். கோவாவில் 'சங்கத்' அமைப்பு, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களை வைத்தே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டியது. அந்த ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வந்தது.

மராத்தியோ இந்தியோ அக்காவுக்குச் சரளமாக வராதென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மருந்து தேவைப்பட்டால் சயான் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு.

'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்று அக்கா சொன்னால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். தனியே விடாமல், கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.