தமக்கென ஓர் இணையக்கடை

நுழையும்முன்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்கள்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இன்றைய வணிகத்திற்கு இணையமும் ஒரு துறைமுகம். அதன்வழிச் செல்லும் பண்டம் யாருடைய பெயரால் அறியப்படுகிறது என்பது சிறுவணிகரின் எதிர்காலத்தோடு தொடர்புடையது.

சந்தையும் சொந்தக் கடையும்

1979ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஆல்ட்ரிச், தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசி இணைப்பின் வழியாகக் கணினியுடன் இணைத்து, இணையவழி வணிகத்திற்கு வித்திட்டார். இன்று அவ்வணிகத்தில் சிறுவணிகருக்கு இரு வழிகள் உள்ளன. பலரும் விற்கும் பெரிய மின்சந்தையில் இடம்பெறுவது ஒன்று. தமக்கென இணையக்கடை அமைத்துக்கொள்வது மற்றொன்று.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதனைச் செய்யும் குடும்பம் ஒன்று மின்சந்தையில் விற்பதாகக் கொள்வோம். அங்கே வாங்குவோர் முன்னரே திரண்டிருக்கின்றனர். பணம் பெறவும் பொருளை அனுப்பவும் ஏற்பாடுகள் உள்ளன. இவை பெரும் வசதிகளே. ஆயினும், விற்பனைக்குத் தரகு செலுத்த வேண்டும். சுவைத்து மகிழ்ந்தவர் மீண்டும் வாங்க விரும்பினால் சந்தைக்கே செல்வார். அங்கே வேறொருவரின் மிட்டாய் சில ரூபாய் குறைவாகக் கண்ணில் படும். உழைப்பு குடும்பத்தினுடையது, வாடிக்கையாளரோ சந்தைக்கு உரியவர் ஆகிவிடுகிறார்.

கடை உருவாகும் முறை

சொந்தக் கடைக்கு முதல் தேவை இணைய முகவரி. '.இன்' என முடியும் முகவரிகளோடு, தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என முடியும் முகவரிகளும் உள்ளன. கடையை வடிவமைத்துத் தருபவர் பெயரில் அன்றி, வணிகரின் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் அது பிறர் கைக்குப் போகக்கூடும்.

அடுத்து, தளத்தைத் தாங்கும் சேவையகமும் கடையை இயக்கும் மென்பொருளும் தேவை. வேர்ட்பிரஸுடன் இணைந்து இயங்கும் ஊகாமர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. சேவையகத்திற்கும் பராமரிப்பிற்கும் செலவு உண்டு. பணம் பெறுவதற்கு, 2016இல் அறிமுகமான யுபிஐ முறை துணைபுரிகிறது. வாங்குவோரின் வங்கி அட்டை விவரங்களைக் கடை தன்னிடம் சேமித்து வைத்தல் கூடாது.

உரிமையும் பொறுப்பும்

சொந்தக் கடையில் உரிமையோடு பொறுப்பும் வருகிறது. விற்பவரின் பெயர், முகவரி, பொருளின் நிகர எடை, விலை ஆகியவை தெளிவாக இடம்பெற வேண்டும். உணவுப்பொருளாயின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் வேண்டும். முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். மிட்டாய் உடைந்து போய்ச் சேர்ந்தாலும் விடை கூற வேண்டியவர் வணிகரே.

புதிய கடையைத் தேடி எவரும் தாமாக வருவதில்லை. தொடக்கத்தில் நாள்கணக்கில் ஒரு விற்பனையும் நிகழாமல் போகலாம். கடைக்கு நேரில் வருவோரிடம் முகவரியைக் கூறுவதும், பொட்டலத்தின்மீது அச்சிடுவதும், உண்மையான படங்களை வெளியிடுவதும் மெல்ல மெல்லப் பயன்தரும். அதுவரை மின்சந்தையை முற்றிலும் கைவிடத் தேவையில்லை. புதியவர் அறிமுகமாவதற்குச் சந்தையும், அறிந்தவர் திரும்பி வருவதற்குச் சொந்தக் கடையும் உதவும்.

ஒருமுறை வாங்கியவர் மறுமுறை குடும்பத்தின் பெயரைத் தேடி வரும்போதுதான் அக்கடை உண்மையில் அவர்களுடையதாகிறது. அப்பெயரைக் காப்பது தொழில்நுட்பம் அன்று. சொன்ன எடையும் சொன்ன தரமும் சொன்ன நாளில் சென்று சேர்வதே.

கற்பவை கற்றபின்

1. உமது ஊரில் உருவாகும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய இணையக்கடையின் முகப்புப் பக்கத்தைத் தமிழில் வடிவமைக்க.
2. மின்சந்தை, சொந்த இணையக்கடை ஆகியவற்றின் நன்மை தீமைகளைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.