காசு மாதிரி இருக்கும், ஆனா காசு இல்ல!

பழைய காசு சேர்க்கிறவங்களை நமக்குத் தெரியும். கார் டீலர்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்த டோக்கன்களைச் சேர்க்கிறவங்களும் இருக்காங்க, முக்கியமா அமெரிக்காவுல. ஷோரூமுக்கு வர்றவங்க கையில ஒண்ணைக் கொடுத்து அனுப்புவாங்க. ஒரு பக்கம் கார் கம்பெனி பேர், இன்னொரு பக்கம் டீலர் பேரும் ஊரும். இப்படிப் பணமா செல்லாத டோக்கன், மெடல் எல்லாத்துக்கும் சேர்த்து ‘எக்ஸோநியூமியா’ன்னு ஒரு பேர் உண்டு. 1960-ல உருவான சொல்.

சில டோக்கன்கள்ல வருஷம் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட 25-வது ஆண்டுக்கு 1933-ல வெளியிட்ட மெடல் அப்படிப்பட்டது. அதை வடிவமைச்சவர் நார்மன் பெல் கெடஸ். ஆனா சின்ன ஊர் டீலர் கொடுத்த டோக்கன்ல பெரும்பாலும் வருஷமே இருக்காது. அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1. வருஷம்: செட் தியரி போதும்

உதாரணத்துக்கு ஒரு டோக்கன்ல ‘டி சோட்டோ – பிளிமத்’னு இருக்கு, முகவரியில ‘டெட்ராய்ட் 2, மிச்சிகன்’னு இருக்குன்னு வச்சுக்கோங்க.

• ரெண்டு பிராண்டும் 1928-ல ஆரம்பிச்சது. டி சோட்டோ 1960-ல நின்னுபோச்சு. அப்போ 1928 – 1960.
• ஊர் பேருக்குப் பின்னாடி வர்ற அந்த ‘2’ அஞ்சல் மண்டல எண். பெரிய நகரங்களுக்கு 1943-ல வந்தது. 1963 ஜூலையில 5 இலக்க ஜிப் கோடு வந்து அதோட இடத்தைப் பிடிச்சது. அப்போ 1943 – 1963.
• ரெண்டுக்கும் பொதுவான பகுதி 1943 – 1960.
• உலகப்போர் காரணமா 1942 பிப்ரவரியிலிருந்து 1945 வரை அங்க பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்னிருந்தது. விற்கக் காரே இல்லாதப்போ விளம்பரம் எதுக்கு? அதனால 1945 – 1960-னு சொல்றதுதான் நியாயம்.

அலுமினிய வளையத்துக்குள்ள நிஜ ஒரு சென்ட் காசைப் பதிச்சுக் கொடுக்கிற வழக்கமும் இருந்தது. 1901 பஃபலோ பொருட்காட்சியில தொடங்கினது, பிறகு கார் டீலர்களும் பிடிச்சுக்கிட்டாங்க. உள்ள இருக்கிற காசுல 1948-னு இருந்தா, டோக்கன் 1948-க்கு முந்தினதா இருக்க முடியாது. ஆனா அது கீழ் எல்லை மட்டும்தான். பழைய காசைப் பிறகு பதிச்சிருக்கலாம்.

2. உலோகம்: ஆர்க்கிமிடீஸ் போதும்

வெள்ளியா மின்னுறதெல்லாம் வெள்ளி இல்ல. வெள்ளின்னு சொல்லி விற்றா இப்படிச் சோதிங்க. 0.01 கிராம் காட்டுற தராசுல டோக்கனை எடை போடுங்க. 11.00 கிராம்னு வைப்போம். அப்புறம் தண்ணி டம்ளரைத் தராசுல வச்சு, ரீடிங்கை பூஜ்யமாக்குங்க. டோக்கனை நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் படாம முழுசா மூழ்கவிடுங்க. இப்போ 1.30 காட்டினா, கன அளவு 1.30 கன செ.மீ. 11.00 ÷ 1.30 = 8.46. இது பித்தளை, மேல பூச்சு மட்டும்தான் வெள்ளி நிறம். நிஜ வெள்ளின்னா 10.49 கிட்ட வரணும். தாமிரம் 8.96, அலுமினியம் 2.70. காயின் ஓட்டையில நூல் கோக்க முடியலன்னா மெல்லிய நூலால சுத்திக் கட்டுங்க. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தா அளவு தப்பாகும், தட்டிவிடுங்க.

3. தேய்க்காதீங்க!

எலுமிச்சை, புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்க்கும்போது அழுக்கோட சேர்ந்து உலோகமும் போகும்; முதல்ல அழியறது டீலர் பேரோட மெல்லிய எழுத்துதான். மலிவான பிவிசி கவர்லயும் போடாதீங்க. நாளாக ஆக அது வேதிப்பொருளைக் கசியவிட்டு, பச்சையா ஒரு பிசுக்கைப் படியவைக்கும். மைலார் கவர் நல்லது.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? 2009 திவால் நேரத்துல கிரைஸ்லர் மட்டும் ஒரே அடியா 789 டீலர்களை நீக்கிடுச்சு. அதுல குடும்பமா பல தலைமுறை நடத்தினவங்களும் உண்டு. அதுக்கும் முன்னாடி பிராண்டோட சேர்ந்து மறைஞ்ச கடைகள் வேற. அப்படி ஒரு கடை இருந்ததுக்கு இன்னைக்கு மிச்சம் அந்த டோக்கன்ல இருக்கிற ரெண்டு வரியா இருக்கலாம். அதனால வாங்கின உடனே எடை, விட்டம், எழுத்து, யார்கிட்ட வாங்கினீங்க எல்லாத்தையும் நோட்ல எழுதிடுங்க.

கடைசியா ஒரு கணக்கு. போன்டியாக் டோக்கன், முகவரியில 5 இலக்க ஜிப் கோடு. எடை 9.00 கிராம், தண்ணியில ரீடிங் 3.33. போன்டியாக் பிராண்டோட ஆயுள் 1926 – 2010. இது எந்த உலோகம்? எந்த வருஷத்துக்குள்ள? ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன்கிட்ட கேட்காம போட்டுப் பாருங்க.