முதலாண்டு புரோகிராமிங்: விடை ஏன் பூஜ்ஜியம்?

சிவில், மெக்கானிக்கல் என எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் பொறியியல் முதலாண்டில் புரோகிராமிங் பாடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திற்கே பைதான் வந்துவிட்டது. பலர் புரோகிராம்களை மனப்பாடம் செய்தே தேர்வு எழுதுகிறார்கள். ஆனால், வேலையில் எனக்குத் தினமும் உதவுவது ஒவ்வொரு வரியையும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 212 டிகிரி பாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்ற வேண்டும். இது தண்ணீரின் கொதிநிலை. எனவே விடை 100. 'சி' மொழியில் 5/9*(212-32) எனக் கொடுத்து இயக்குங்கள். 0 என்று வரும்! எரர் எதுவும் வராது.

இப்போது தாளை எடுங்கள்.

1. 5/9: இரண்டுமே முழு எண்கள். எனவே 'சி' தசமப் பகுதியை விட்டுவிடும். விடை 0.
2. 212-32: விடை 180.
3. 0*180: விடை 0.

தவறு முதல் வரியிலேயே இருக்கிறது. 5 என்பதை 5.0 என மாற்றுங்கள், 100 கிடைக்கும். பைதான் 3-இல் / குறி தசமத்துடன் விடை தரும். // குறியைப் பயன்படுத்தினால் அங்கும் 0 தான்.

இலக்கணப் பிழையைக் கம்பைலர் சுட்டிக்காட்டும். கணக்குப் பிழையை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதே பிழை வட்டிக் கணக்கில் நுழைந்தால் ஒருவரின் பணம் போகும். எனவே அடுத்த லேப் வகுப்பில், புரோகிராமை இயக்கும் முன் வரவேண்டிய விடையை நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு திரையுடன் ஒப்பிடுங்கள்.